கேமராவைப் பைக்குள் வைக்கச் சொன்ன கடற்கரை

1998 ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை. திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் காலை ஒன்பதரை மணிக்குச் சென்னை வண்டியில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. செஞ்சி, திண்டிவனம் வழி. நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், கட்டணம் நாற்பத்திரண்டு ரூபாய். அங்கிருந்து விமானத்தில் ஜெர்மனி. இதற்கு முன் நான் தனியாகப் போன அதிகபட்ச தூரம் வேலூர். மகள் அங்கே கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறாள்.

என் கணவர் கீழ்பென்னாத்தூரில் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அன்று கடையைத் திறக்காமல் வழியனுப்ப வந்திருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடுகிற மாதிரி இல்லை.

"மலரு, பாஸ்போர்ட்டு எங்க வெச்ச?"

"பைலதாங்க இருக்குது."

"கேமரா?"

"அதுவும்தான்."

"ரெண்டு ரோல் வாங்கிக் குடுத்துருக்கேன். ஒண்ணையும் மிச்சம் வெக்காம எடுத்துனு வா. படம் இல்லேன்னா நீ போனதையே நம்ம தெருவுல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

தெருவைப் பற்றி அவர் சொன்னது சரி. செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் சந்தில் பாதி வீடுகளின் மாடி அறைகள் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்குப் போகின்றன. அவர்கள் வருவார்கள், மலையைப் பார்த்து உட்காருவார்கள், போவார்கள். பதிலுக்கு நாங்கள் யாரும் அவர்கள் ஊருக்குப் போனதில்லை. முதலில் போவது நான்தான்.

என்னை அழைத்தவள் ஹன்னா. ஆறு வருடமாக ஒவ்வொரு கார்த்திகைக்கும் வந்து மாசி வரை எங்கள் மாடியில் தங்குகிறவள். என் வயதுதான், நாற்பதைத் தொட இரண்டு வருடம் இருக்கிறது. கொஞ்சம் தமிழ் பேசுவாள். நான் கற்றுக்கொடுத்தது. மரியாதையாக இருக்கட்டும் என்று 'நீங்க, வாங்க' மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன், அதனால் தெரு நாயைக்கூட 'நீங்க தள்ளிப் போங்க' என்பாள்.

அவள்மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் வருகிற பாதி விஷயம் புரியாது. சாப்பிட்ட தட்டை நான் கழுவுவதற்குள் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று அவளை யாரும் கேட்பதில்லை. என் கணவர் என்னிடம் ஒரு நாளில் பேசுகிற பேச்சைவிட அவளிடம் ஜாஸ்தி பேசுவார், அதுவும் சிரித்துக்கொண்டு. போன மாசியில் ஊருக்குக் கிளம்பும்போது, "ஆறு வருஷம் நீங்க எனக்கு வீடு குடுத்தீங்க. இந்த வாட்டி நீங்க என் வீட்டுக்கு வாங்க" என்றாள். மூன்று மாதத்தில் டிக்கெட் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்கு முறுக்குப் பொட்டலம் அனுப்புகிற மாதிரி அவளால் விமான டிக்கெட் அனுப்ப முடிகிறதே என்று அதற்கும் வயிறு எரிந்தது. எரிந்துகொண்டேதான் விசாவுக்கு அலைந்தேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு. ரோஸ்டாக்.

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்கே ஹன்னா வந்திருந்தாள். அங்கிருந்து ரயிலில் வடக்கே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஹாம்பர்க்கில் வண்டி மாறினோம். பாதித் தூரம் தூங்கிவிட்டேன், தூங்காத பாதியில் கோதுமை வயல்களைப் பார்த்தேன். வரப்பே இல்லாத வயல்கள். ரோஸ்டாக் கடலோர நகரம். ஹன்னா அங்கே இன்னொரு பெண்ணோடு சேர்ந்து பிசியோதெரபி நிலையம் நடத்துகிறாள். கை கால் பிடிப்பு, முதுகு வலி என்று வருகிறவர்களுக்கு உடற்பயிற்சி வைத்தியம்.

அவள் வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை. அதையெல்லாம் பார்த்து நான் அவ்வளவாக அசரவில்லை. அசந்தது குளியலறையில். கதவுக்குத் தாழ்ப்பாள், தாழ்ப்பாளுக்கு மேல் ஒரு பூட்டு. ஜன்னலில் உள்ளிருப்பது தெரியாத கண்ணாடி, அதற்கும் ஒரு திரை. தொட்டியைச் சுற்றி இன்னொரு திரை. ஒரு ஆள் குளிப்பதற்கு இத்தனை மறைப்பு.

எங்கள் வீட்டில் குளிக்கும் இடம் பின்கட்டில் கிணற்றை ஒட்டி இருக்கிறது. மூன்று பக்கம் ஆளுயரச் சுவர், நாலாவது பக்கம் தகரக் கதவு, மேலே வானம். நிமிர்ந்தால் மலை உச்சி தெரியும். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிப்போம். கிணற்றடிக்கு வருகிற யாரும், அது என் கணவராக இருந்தாலும், வாசலிலேயே ஒரு முறை இருமுவார்கள். உள்ளே ஆள் இருந்தால் சொம்பால் வாளியைத் தட்டுவோம். தட்டினால் வந்தவர் திரும்பிப் போய்விட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. மாடி அறையின் பின்பக்க ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். அங்கே இருப்பது ஹன்னா, பெண்பிள்ளைதானே என்று நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அன்று ஹன்னாவின் பூட்டிய குளியலறையில் வெந்நீரில் அரை மணி நேரம் நின்றேன். சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகத்தை அவள் தினமும் அனுபவிக்கிறாள் என்பது மட்டும் உறுத்தியது.

ஆகஸ்ட் 11, செவ்வாய். வார்னமுண்டே கடற்கரை.

ரோஸ்டாக்கிலிருந்து உள்ளூர் ரயிலில் இருபது நிமிடம். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் கூட்டம் அதிகம். கூரை வைத்த பிரம்பு நாற்காலிகளை வாடகைக்கு எடுத்து அதற்குள் காற்றுப் படாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காப்பி மூன்று மார்க். ஒரு மார்க் இருபத்து நான்கு ரூபாய் என்று மனசு கணக்குப் போட்டதில் காப்பி கசந்துவிட்டது.

கலங்கரை விளக்கத்தைப் படமெடுத்தேன். பிறகு மேற்கே மணலில் வெகுதூரம் நடந்தோம். ஓரிடத்தில் ஒரு மரப்பலகை நட்டிருந்தது. ஹன்னா நின்றாள்.

"மலர், இந்தப் பலகைக்கு அப்புறம் துணி இல்லாம குளிக்கிற இடம். நான் உங்ககிட்ட முன்னாடியே சொல்லல. சொன்னா வரமாட்டீங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும். ஆம்பளைங்க, பொம்பளைங்க, குடும்பம். நான் சின்னப் புள்ளையிலேருந்து வரேன். பயப்படாதீங்க, இங்க யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க."

"யாரும் பாக்கலேன்னா எதுக்குத் துணிய எடுக்கறீங்க?"

"பாக்காததாலதான் எடுக்கறோம்" என்று சொல்லிவிட்டு அவள் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள். நான் திரும்பி நின்றுகொண்டேன். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். பலகைக்கு இந்தப் பக்கம் சேலையோடு நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் பலகை நின்ற கோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய துண்டு, அதன்மேல் சாப்பாட்டுக் கூடை.

முதலில் நான் மணலைத்தான் பார்த்தேன். பிறகு கடலை. மணலையும் கடலையும் எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? மெல்லப் பழகிவிட்டது. அங்கே கட்டுடல் காட்ட வந்தவர்கள் யாரும் இல்லை. தொந்தி வைத்தவர்கள், முட்டி வலிக்காரர்கள், பந்து விளையாடும் கணவன் மனைவி. ஒரு பெண், என்னைவிட இருபது வயதாவது மூத்தவள், அடிவயிற்றில் நீளமான ஆபரேஷன் தழும்போடு நிதானமாக நடந்து போய்த் தண்ணீரில் இறங்கினாள். வயிற்றை எக்கவில்லை. கையால் எதையும் மூடவில்லை. மகள் பிறந்த பிறகு நான் என் அறையிலேயே கண்ணாடிக்கு முதுகைக் காட்டித்தான் சேலை மாற்றுகிறேன். அந்த அம்மாள் தலையை நனைத்துக்கொண்டு சிரித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொறாமையில்தான்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு வெள்ளைக் கப்பல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. நம் ராஜகோபுரம் இரண்டைச் சேர்த்துப் படுக்கவைத்தால்கூட அந்த நீளம் வராது. உள்ளே கார்கள், லாரிகள் எல்லாம் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரை நாட்டுக்குப் போகிறது என்றாள் ஹன்னா. தெரு நம்ப வேண்டுமே என்று கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தேன்.

பேச்சுச் சத்தம் நின்றது. நான் அதை அப்போது கவனிக்கவில்லை. அழுத்தப் போகும்போது பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர், மூக்குக் கண்ணாடி தவிர வேறு எதுவும் இல்லாமல் நின்றார். எனக்கு நேரெதிரே நிற்காமல் கொஞ்சம் ஒருக்களித்து, இரண்டு அடி தள்ளி, மெதுவான குரலில் ஏதோ சொன்னார். நான் அவருடைய மூக்குக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஒரு காது நூலால் கட்டியிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. ஹன்னா எழுந்து வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்கிற தொனியில் பேசினாள். அவர் எனக்குத் தலை வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

"கேமராவ பைக்குள்ள வெக்கச் சொல்றாரு, மலர். என் தப்பு. நான் சொல்லியிருக்கணும்."

"நான் கப்பலத்தான எடுக்கப் போனேன்?"

"கப்பலுக்கும் உங்களுக்கும் நடுவுல ஆளுங்க இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாதில்ல, நீங்க எதை எடுக்கறீங்கன்னு."

அதன் பிறகு அவள் அந்த இடத்தின் வழக்கங்களைச் சொன்னாள். இங்கே கேமரா வெளியே வரக்கூடாது. சொந்தப் பிள்ளையை எடுக்க வேண்டுமானால்கூடப் பின்னால் யாரும் இல்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் எடுப்பார்கள். இன்னொருவரை எடுப்பதென்றால் முகத்துக்கு நேரே போய்க் கேட்க வேண்டும், அவர் மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்கக்கூடாது. இதை மீறினால் காவலாளி வர வேண்டியதில்லை, பக்கத்தில் படுத்திருப்பவரே எழுந்து வந்துவிடுவார். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. நம் வீட்டுப் பழக்கத்தை விருந்தாளியிடம் சொல்லும்போது வருமே, அந்தப் பெருமை.

எனக்கு எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. கிரிவலப் பாதையில் பௌர்ணமி தோறும் குளத்தில் முழுகி ஈரச் சேலையோடு படியேறுகிற பெண்களைச் சுற்றிக் கேமராக்கள் நிற்கும். வெளிநாட்டுக் கேமரா, உள்ளூர்க் கேமரா, பத்திரிகைக் கேமரா. அவர்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார்கள், அவ்வளவுதான். எந்தப் பெரியவரும் மூக்குக் கண்ணாடியோடு எழுந்து வந்து, அதைப் பைக்குள் வை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. இங்கே ஒரு முழத் துணிகூட இல்லாதவர்களுக்கு இத்தனை காவல்.

ஆகஸ்ட் 12, புதன்.

மறுநாள் காலை ஹன்னா என்னைத் தன் நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். அவள் அந்த வாரம் விடுமுறையில் இருந்தாள், எனக்குக் காட்டவே போனோம். வழியெல்லாம், "உங்களுக்கு ஒண்ணு வெச்சிருக்கேன், அங்க போய்ப் பாருங்க" என்று சிறுமி மாதிரிக் குதித்துக்கொண்டு வந்தாள்.

காத்திருக்கும் அறையில் நான்கைந்து நாற்காலிகள். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே சுவரில் நான் இருந்தேன்.

ஒரு கட்டில் அகலத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம். பாவாடையை மார்புக்கு மேல் கட்டி, இரண்டு கைகளையும் தூக்கித் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கண்கள் இறுக மூடியிருக்கின்றன. தோளிலிருந்து தண்ணீர் வழிகிறது. பக்கத்தில் எங்கள் வாளி, எங்கள் சொம்பு. மேலேயிருந்து எடுத்த படம். மாடியின் பின் ஜன்னலைத் தவிர வேறு எங்கிருந்தும் அப்படி எடுக்க முடியாது.

"நாலு வருஷமா இங்க இருக்கு" என்றாள் ஹன்னா. "வர்றவங்க எல்லாரும் கேப்பாங்க, யார் இந்த அழகான பொம்பளைன்னு. என் சிநேகிதின்னு சொல்லுவேன்."

உட்கார்ந்திருந்த ஒரு முதியவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். என்னவோ சொல்லிச் சொல்லி ஆட்டினாள். வலி வரும்போதெல்லாம் இந்தப் படத்தைப் பார்ப்பாளாம், ஹன்னா மொழிபெயர்த்தாள். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை. நாலு வருடமாக முதுகு வலிக்காரர்களும் கால் வலிக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்து நான் குளிப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படம் அழகாக இருந்தது. அந்தக் கைகள், அந்தக் கழுத்து, அந்த முகத்தில் இருந்த நிம்மதி. நான் அப்படி இருப்பேன் என்று எந்தக் கண்ணாடியும் எனக்குக் காட்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்த அவள்மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டு அவள்பாட்டுக்குத் தலை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 13, வியாழன்.

காலையில் நானே சொன்னேன், மறுபடியும் அந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று. ஹன்னாவுக்கு ஆச்சரியம், சந்தோஷம். அதே பலகை, அதே துண்டு, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவள் படுத்ததும் கேட்டேன்.

"ஹன்னா, அன்னிக்கு அந்தப் பெரியவரு எதுக்கு எங்கிட்ட வந்தாரு?"

"கேமராவுக்கு."

"ஆள எடுக்கக் கூடாது, கேட்டுட்டுதான் எடுக்கணும். அதான ரூலு?"

"ஆமா."

"நீங்க என்னைக் கேட்டீங்களா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நான் எதைச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"அந்தப் படமா? மலர், அதுல நீங்க துணியோட இருக்கீங்க. இங்க யாருக்கும் துணி இல்ல, அதனால ரூல். உங்க படம் தப்பான படம் இல்லையே. அது எவ்ளோ அழகு."

"குளிக்கிறப்ப எடுத்தீங்க."

"ஆனா துணி இருக்கே..."

"குளிக்கிறப்ப எடுத்தீங்க ஹன்னா. துணி இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? என் வூட்டுக்காரருகூட கெணத்தடிக்கு வந்தா இருமிட்டுதான் வருவாரு. நான் வாளியத் தட்டுனா திரும்பிப் போய்டுவாரு. ஆறு வருஷமா எங்க வூட்ல இருக்கீங்க, அத நீங்க கேட்டதே இல்லையா? நீங்க இருமினீங்களா?"

என் குரல் உயர்ந்துவிட்டது. தூரத்தில் நூல் கட்டிய மூக்குக் கண்ணாடிக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஹன்னா ஒரு துண்டை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். அந்தக் கடற்கரையில் அவள் உடம்பை மூடிக்கொண்டதை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

"இருமல் கேட்டிருக்கேன்" என்றாள். "உங்க வீட்ல எல்லாருக்கும் சளின்னு நெனச்சேன்."

சிரிப்பு வந்தது, கோபமும் குறையவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து அவள் எழுந்தாள்.

"படத்தை இன்னிக்கே எடுத்துடறேன். ஃபிலிமும் குடுத்துடறேன். ஆனா அது போதாது. நாலு வருஷம் எல்லாரும் பாத்தாங்க. அத எடுக்க முடியாது." துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "உங்க கேமரா எங்க? வாங்க."

மணல்மேட்டை ஒட்டி உப்புத் தண்ணீரைக் கழுவ ஒரு குழாய்க் கம்பம் இருந்தது. அங்கே போய் அவள் நாலு பக்கமும் பார்த்தாள். ஒரு குடும்பம் கடந்து போகும்வரை காத்திருந்தாள். பெரியவரிடம் போய் என்னவோ சொல்லிவிட்டு வந்தாள், அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு துண்டை மணலில் போட்டாள். குழாயைத் திறந்து, இரண்டு கைகளையும் தூக்கித் தலையைத் தேய்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இப்ப எடுங்க. உங்க ஹால்ல மாட்டுங்க."

எடுத்தேன். ஒன்றே ஒன்று. பழி தீர்ந்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. நான் இழந்தது எனக்குத் தெரியாமல் போனது. அவள் கொடுத்ததோ நாலு பக்கமும் பார்த்து, அவளாக நின்று கொடுத்தது. அதிலும் அவள்தான் பெரிய மனுஷி ஆனாள். பட்டனிலிருந்து விரலை எடுக்கும்போதே வயிறு பழையபடி எரிய ஆரம்பித்துவிட்டது.

அன்று மாலையே நிலையத்தின் சுவர் காலியானது. சட்டத்தைக் கழற்றிப் படத்தைச் சுருட்டி ஒரு அட்டைக் குழாயில் போட்டு, நெகட்டிவோடு என்னிடம் கொடுத்தாள். மீதி நாட்களில் இரண்டு பேரும் பிரியமாகத்தான் இருந்தோம். கொஞ்சம் ஜாஸ்தியாகவே.

ஆகஸ்ட் 21, வெள்ளி. திருவண்ணாமலை.

ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்து ரோல்களைக் கழுவக் கொடுக்கப் போனேன். செங்கம் ரோட்டில் பாஷா பாயின் ஸ்டுடியோ. நன்றாக வந்த படங்களைப் பெரிதாக்கி வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது அவர் வழக்கம். கல்யாணப் பெண்கள், மொட்டை போட்ட குழந்தைகள், போளூர்க்காரர்களின் குடும்பப் படம். செங்கம் ரோட்டில் நடக்கிற எல்லோரும் அந்தப் பெட்டி முன் ஒரு நிமிடம் நிற்பார்கள். வெளிநாட்டுக்காரர்களும்தான்.

"வாங்க வாங்க, ஜெர்மனி அம்மா" என்றார் பாய். "எத்தினி ரோலு? நாளைக்கே வேலூர் லேபுக்கு அனுப்பிடறேன். அடுத்த சனிக்கெழம வந்து வாங்கிக்கலாம். நல்லதா ஒண்ணு இருந்தா பெட்டில வெச்சுடுவோம், நம்ம தெரு ஆளு வெளிநாடு போனது நாலு பேருக்குத் தெரியட்டும்."

முதல் ரோலைக் கொடுத்தேன். இரண்டாவது ரோல் கையிலிருந்தது. அதில் கலங்கரை விளக்கம், கடைசி நாள் துறைமுகத்தில் எடுத்த கப்பல், நடுவில் ஹன்னா. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். ஒரு வாரம் வேண்டாம், ஒரே ஒரு நாள் அவள் அதற்குள் நின்றால் போதும் என்று தோன்றியது. பாய் அதை வைக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். ஆனால் வேலூர் லேபில் எத்தனை பையன்கள்? எத்தனை பிரதி போடுவார்கள்? ஒரு மாதத்தில் செங்கம் ரோடு முழுக்கப் போய்விடும். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும்.

கையை நீட்டவும் செய்தேன். பாய் வாங்கப் போனார்.

"இது இன்னும் எடுத்து முடியல பாய்" என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில், அட்டைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டு அழுதேன். அவளுக்கு நான் காவல் இருக்கிறேன். அவள் என்னை எடுத்த ரோல் எந்த ஊர் லேபில் எத்தனை பேர் கையில் போனதோ, அங்கே எனக்காக யார் கையை இழுத்துக்கொண்டார்கள்?

கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அட்டைக் குழாயைத் திறந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "குளிக்கிற எடத்துக்கு மேலயும் ஷீட்டு போட்டுடறேன்" என்றார். வேண்டாம் என்றேன். குளிக்கும்போது எனக்கு மலை தெரிய வேண்டும்.

நவம்பர் கடைசி.

பயணம் ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. ஆனால் இதைச் சொல்லாமல் கட்டுரையை முடிக்க முடியாது. கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் ஹன்னா வந்தாள். ஆட்டோவில் வாசலில் வந்து இறங்குவதுதான் அவள் வழக்கம். அன்று மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வேர்த்து வழிய நடந்து வந்தாள். இளைத்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் ஹாலின் நாலு சுவரையும் பார்த்தாள். எங்கள் கல்யாணப் படமும் நாட்காட்டியும்தான் இருந்தன.

"இன்னா பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல." பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "முதல்ல ஸ்டுடியோ பெட்டியப் பாத்தேன், மலர். அப்புறம்தான் இங்க வந்தேன். வழியில டீக்கடைல ஒருத்தர் என்னைப் பாத்து சிரிச்சாரு. எப்பவும் சிரிக்கிறவர்தான். ஆனா இன்னிக்கு நான் தலையக் குனிஞ்சுட்டேன். மூணு மாசமா அங்க தூக்கம் இல்ல. நான்தான் எடுக்கச் சொன்னேன், நான்தான் மாட்டச் சொன்னேன். ஆனாலும்."

பீரோவைத் திறந்து ரோலைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"கழுவல. யாரும் பாக்கல. நீங்களே எடுத்துனு போங்க. அதுல கலங்கரை வெளக்கமும் கப்பலும் இருக்குது, அத மட்டும் கழுவி எனக்கு அனுப்புங்க."

அவள் கையை மூடிக்கொண்டாள். ஆறு வருடத்தில் முதல் முறையாக அவள்மேல் எனக்குத் துளிப் பொறாமை இல்லை. அந்த மூன்று மாதமும் நான் தூங்கிய தூக்கத்தை நினைத்து வேண்டுமானால் அவள் என்மேல் பொறாமைப்படலாம்.

அது ஒரு நாள்தான். மறுநாள் காலை நான் ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, இட்லி ஊற்றி, கணவரைக் கடைக்கு அனுப்பிவிட்டுப் பின்கட்டுக்குப் போனபோது அவள் மாடியில் அப்போதுதான் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டிருந்திருப்பாள். தலைக்குச் சீயக்காய் வைத்து, கண்ணை மூடினேன். கொடுத்து வைத்தவள் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருக்கும்போது மேலே பின்பக்க ஜன்னல் கதவு கிறீச்சிட்டது. உடனே ஒரு இருமல். நம் ஆட்கள் ஒரு முறைதான் இருமுவார்கள். அவள் சளி பிடித்தவள் மாதிரி நாலைந்து முறை, தெருவே கேட்கும்படி இருமினாள்.

கண்ணைத் திறக்காமலே சொம்பைத் துழாவி எடுத்து வாளியை ஒரு தட்டுத் தட்டினேன். ஜன்னல் சாத்திக்கொண்டது.